மெர்போக்கில் இருந்த உயிர்

பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் பினாங்குத் தீவில் முதல் பரிசு எனக்குத்தான். மேடையேறப் பயந்துகொண்டு அந்தப் பரிசை இரண்டாவதாக வந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன் என்பது வேறு விஷயம். ஐம்பதைத் தாண்டிய பிறகும் லிஃப்ட் லேசாகக் குலுங்கினால், மனைவியின் கை என்று நினைத்து யாரோ ஒரு சீனத்துப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் இருக்கிற பெரியவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் என் பயங்களிலேயே தலைப்பிள்ளை, ஒன்பது வயதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிறந்தது. அன்றைக்கு நான் என் அப்பாவைக் கொன்றுவிட்டேன். கத்தி, கம்பு ஒன்றும் தேவைப்படவில்லை. அக்கா எழுதிய ஒரு கதையை முழுசாக நம்பினேன், அவ்வளவுதான்.

அப்போது ஜார்ஜ் டவுனில், ஜெட்டி என்கிற படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. அப்பாவுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் வேலை. காலை ஃபெரியில் போய் மாலை ஃபெரியில் வருவார். அவர் பேசாதவர். கோபக்காரர் என்று எண்ணிவிடக்கூடாது. கோபப்படுவதற்கும் நாலு சொல் வேண்டுமே, அதுவும் அவரிடம் கிடைக்காது. ஒரே ஒரு ஜீவனிடம் மட்டும் அவர் வாய் திறந்து பேசினார். அது ஒரு மெர்போக்.

மெர்போக் என்பது உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் புறா. மலாய்க்காரர்கள் அதைப் பாடவைத்துப் போட்டி நடத்துவார்கள். அப்பாவுக்குக் கிடங்கில் ஒரு மலாய் நண்பர் மூலம் அந்தப் பித்து தொற்றியிருந்தது. எங்கள் பின்பக்கத்துத் திறந்த மாடத்தில் உயரமான மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, மூங்கில் கூண்டைக் கொடியேற்றுவதுபோல் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவார். உயரமும் வெயிலும் இருந்தால்தான் அதற்குக் குரல் வருமாம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதோடு பேசுவார். "என்னா ராசா, இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அவர் கேட்டு நான் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு வாரக்கணக்காக இருமல் இருந்தபோது அப்படி ஒரு கேள்வி வந்ததாக ஞாபகமில்லை.

அம்மா சலித்துக்கொள்வாள். "மறுபிறப்புல குருவியாப் பொறந்தாத்தான் இந்த மனுசன்கிட்ட நாலு வார்த்த வாங்கலாம் போல."

அக்காவுக்குப் பதினேழு வயது. பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்திருந்தது. தமிழிலும் இலக்கியத்திலும் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாளாம். அவர் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாராம். அப்புறம் மெர்போக்குக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டாராம். அக்கா அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாளாம். இந்த 'ஆம்' எல்லாம் பிற்காலத்தில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. சம்பவ நேரத்தில் நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன், ரம்புத்தான் பழம் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே தமிழ்ப் பத்திரிகையின் இளையோர் பக்கத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய ராஜா ராணிக் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டும். அக்கா எடுத்துக்கொண்டது உயிரை ஒளித்துவைத்த ராட்சசன் கதை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் ராட்சசனின் உயிர். ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகுவான், ராட்சசன் பொத்தென்று விழுவான், கல்யாணச் சாப்பாடு. நானே நூறு தடவை கேட்ட கதை.

ஒரு நாள் மத்தியானம், வேறு ஆள் கிடைக்காமல், அக்கா என்னை உட்காரவைத்து எழுதியதைப் படித்துக் காட்டினாள். முதல் வரியிலேயே என் கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது.

"அவன் தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. எங்கேயோ உயரத்தில் ஒரு பறவை பாடியது."

அவள் கதையில் ஏழு கடல் இல்லை. ஒரே ஒரு குறுகிய கடல், அதைக் கடக்க மஞ்சள் நிறத்தில் ஒரு படகு. ராட்சசனுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் கிடையாது. காலையில் போவான், மாலையில் வருவான், கால் கழுவுவான், பேசமாட்டான். கிளிக்குப் பதில் மெர்போக். கதையைச் சொல்வது ராஜகுமாரனும் அல்ல. ராட்சசன் வீட்டில் அடைபட்டு அவனுக்குச் சோறு பரிமாறுகிற ஒரு பெண்.

"ராஜகுமாரன் எங்க?" என்றேன்.

"வரமாட்டான். யார் சொல்றாங்கங்கறதை மாத்தினா கதையே மாறிடும்டா. அதான் மொத உத்தி."

உத்தி என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மந்திரவாதிகளின் தொழில் ரகசியம்போல் இருந்தது. இரண்டாவது உத்தி, எதையும் முன்கூட்டியே லேசாகக் காட்டி வைப்பது. அவள் கதையில் ராட்சசன் சாவதற்கு முன்னால் மூன்று அடையாளங்கள் தெரியும். அவன் காப்பி கவிழும், அவன் செருப்பு வார் அறும், மழையே இல்லாமல் இடி இடிக்கும்.

"காப்பி கொட்டுனா செத்துருவாங்களா?"

"கொட்டுறதுனால சாகறதில்லடா, மக்கு. வரப்போறதை முன்னாடியே சொல்லி வைக்கணும், இல்லன்னா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க. கதையில எதுவுமே சும்மா வராது. ஞாபகம் வச்சுக்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் கோளாறு. மூன்றாவது உத்தியாக அவள் குறியீடு என்று ஆரம்பித்தாள். ஒன்றைச் சொல்வதுபோல் சொல்லி வேறொன்றை... என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே தெருவில் ஐஸ்கிரீம் சைக்கிள் மணி அடித்தது. எனக்கு அதற்குமேல் இலக்கியம் ஏறவில்லை. இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவிட்டேன். அந்த ஒரு உத்தியை மட்டும் இருந்து கேட்டிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. ஒரு ஐஸ்கிரீமுக்காக உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இழந்திருப்பார்கள். குறியீட்டை இழந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று இரவு அப்பா தூங்கும்போது பூனை மாதிரி போய் அவர் நெஞ்சில் காது வைத்தேன். நெஞ்சுக்கு மேலே போர்வை, தலைக்கு மேலே கடகடவென்று காற்றாடி. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து கூண்டைப் பார்த்தேன். கறுப்புத் துணி போர்த்திய அதற்குள் ஏதோ ஒன்று இறகை அசைத்துக்கொண்டது. என் மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றன. பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில், துணி காயப்போடுகிற அந்த மாடத்துக்குப் பக்கத்தில், இவ்வளவு பெரிய ரகசியம் இத்தனை நாளாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். நான் அவளை அதுவரை வெறும் அக்கா என்று நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை. அப்பாவுக்கு அன்றும் வேலை. காலையில் கிளம்புகிற அவசரத்தில் முழங்கை பட்டுக் காப்பி கவிழ்ந்தது. அம்மா துணியை எடுத்துத் துடைத்தாள். நான் மட்டும் விரலை மடக்கி ஒன்று என்று எண்ணினேன்.

மத்தியானம், வீட்டில் கிடந்த அப்பாவின் சிலிப்பர் வார் அறுந்தது. அதை நான் என் காலில் மாட்டிக்கொண்டு கடைவாசல்களை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் ஓடிப் பிடித்து விளையாடியதால்தான் அறுந்தது என்பது உண்மை. ஆனால் எப்படி அறுந்தால் என்ன? கதையில் வார் அறும் என்றுதான் இருந்தது. யார் போட்டிருக்கவேண்டும் என்று இல்லை.

சாயங்காலம் அம்மாவும் அக்காவும் எள்விளக்கு ஏற்றக் கோயிலுக்குப் போனார்கள். நான் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து மூன்றாவது அடையாளம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மாடத்துச் சுவரில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. அப்போது, கடல் பக்கத்திலிருந்து, யாரோ பெரிய இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியதுபோல் இடி இடித்தது.

வீரர்கள் இந்த இடத்தில் யோசிப்பார்கள். நான் ஓடினேன். மூங்கில் உச்சியில் அப்பாவின் உயிர் தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இடி விழுந்தால்? பருந்து வந்தால்? அதை இறக்கி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் அப்பா பிழைத்துவிடுவார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன். அப்பா அவிழ்க்கும்போது கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார் என்பதைப் பார்த்திருந்தேனே தவிர, எதற்கு என்று யோசித்ததில்லை. அடுத்த நொடி அது தெரிந்தது. கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓட, கூண்டு தலைக்குமேலிருந்து நேராக வந்து சிமெண்டில் விழுந்து பக்கவாட்டில் உருண்டது. கதவு திறந்துகொண்டது.

மெர்போக் அவசரப்படவில்லை. வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. நான் "ராசா" என்று கூப்பிட்டேன், அப்பா குரலில். அது எழும்பிப் போய்ப் பின்சந்து மின்கம்பியில் உட்கார்ந்து, அதுவரை நான் கேட்டிராத நீளத்தில், ஒரு தரம் பாடியது. கீழே சைக்கிள் கடைக்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கை எரிச்சலை மறந்து நானும் வாயைத் திறந்தபடி நின்றேன். இவ்வளவு அழகாக ஒருவர் செத்துப்போக முடியுமா என்று இருந்தது. அப்புறம் அது ஓட்டுக்கூரைகளுக்கு மேலே போய் மறைந்தது.

ஜெட்டிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. காலில் செருப்பு இல்லை. வழியெல்லாம் தண்ணீர்மலை முருகனிடம் பேரம் பேசிக்கொண்டே ஓடினேன். பால்குடம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், கணக்கு வீட்டுப்பாடம் செய்கிறேன். கடைசியில் சொன்னதை அவரே நம்பியிருக்கமாட்டார். நடுவில், அப்பா இல்லாத பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ஃபெரிப் பயணிகள் இறங்கும் வழியில் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் என்னைப் பார்த்துக் குனிந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

"பாப்பா சாயா மாத்தி," என் அப்பா செத்துப்போய்விட்டார் என்று அறிவித்தேன்.

அவர் பதறிப்போய், "பிலா?" எப்போது என்றார். யோசித்துப் பார்த்து, இப்போதுதான் என்றேன். எங்கே என்றார். கையை நீட்டி அக்கரையைக் காட்டினேன். அவர் அக்கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை அதில் உட்காரவைத்தார். அவ்வளவு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

ஒரு ஃபெரி வந்து கரை சேர்ந்தது. ஆட்கள் இறங்கினார்கள், அப்பா இல்லை. இன்னொன்று வந்தது. கடலுக்குமேல் கருமேகம் மலைபோல் எழுந்து நின்றது, அதன் ஓரத்தில் மட்டும் வெயில். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் நிழலாகத்தான் தெரிந்தார்கள். அந்த நிழல்களுக்கு நடுவில் ஒன்று, மற்றதையெல்லாம்விட உயரமாக, டிபன்கேரியரோடு நடந்து வந்தது. அப்பா சராசரி உயரம்தான். அன்றைக்கு மட்டும் மேகத்தில் இடித்துக்கொண்டு வந்தார்.

நாற்காலியிலிருந்து குதித்துப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "அப்பா, நீங்க சாகலையா?"

"இன்னும் இல்லடா," என்றார். "ஏன், உனக்கு என்னா அவசரம்?"

அப்பா வேடிக்கையாகப் பேசி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அந்த அதிர்ச்சியில் எல்லாம் கொட்டிவிட்டது. காப்பி, சிலிப்பர், இடி, கயிறு, மெர்போக் பறந்தது. பறந்தது என்றதும் அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். ஜெட்டிக்கு எதிரே இருந்த மணிக்கூண்டுக்கு மேலே வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவரோ என் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, கைக்குட்டையைக் கட்டினார்.

"மெர்போக்குக்குள்ள என் உயிர் இருக்குன்னு யார் சொன்னா?"

"அக்கா எழுதிருக்கா. பேப்பர்காரனுக்கு அனுப்பப்போறா. நீங்கதான்பா ராட்சசன்."

காட்டிக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படிப்பட்ட கதையில் அப்பாவுக்கு முக்கிய வேடம் கிடைத்திருக்கிறது, சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்தோம். பாட்டு அலறுகிற கேசட் கடை, பூக்கடை, மசாலாக் கடை எல்லாம் கடந்தோம். கதையை நான் முழுசாகச் சொன்னேன். என் பங்குக்குக் கொஞ்சம் கோரைப்பல்லும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் தெரு திரும்பும்போதுதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இருக்கே, சோறு போடுறது. அதுக்குப் பேர் என்னா?"

"பேர் இல்லப்பா. ராட்சசன் அவளை ஒருதடவகூடக் கூப்பிட்டது இல்லையாம். அதனால அவளுக்கே மறந்துபோச்சாம்."

அப்பா எங்கள் வாசலைத் தாண்டி நாலு கடை தூரம் போய்விட்டார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

மாடியில் அம்மாவும் அக்காவும் விழுந்து கிடந்த கூண்டைச் சுற்றி நின்றார்கள். அம்மா என்னைக் கண்டதும் எங்கேடா போனே என்று ஆரம்பித்தவள், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அப்பா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமாக இல்லை. ஆனாலும் அக்கா தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்தாள். "கதையக் கொண்டா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நானே செத்தேன்.

"இன்னும் முடிக்கலப்பா."

"இருக்கிறதப் படி."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரில் அவள். "அவன் தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன்" என்று படித்துவிட்டு நிறுத்தினாள். தொடர முடியவில்லை. அப்பா, "உம்" என்றார்.

கதை கேட்பவர் உம் கொட்டவேண்டும் என்பது நம் வழக்கம். உம் நின்றால் கதையும் நிற்கும். எனக்கு அது கை வராது. மூன்றாவது உம்மில் தூங்கிவிடுவேன். அப்பாவுக்கு அப்படி ஒரு கலை தெரியும் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. ஒரு உம் கேள்வி மாதிரி இருந்தது. ஒன்று, அப்படியா என்று வருத்தப்பட்டது. பெயர் மறந்துபோன இடத்தில் வந்த உம் ரொம்ப நேரம் கழித்து வந்தது. அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் விட்டு, தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. என் மயிர்க்கால்கள் மறுபடி எழுந்து நின்றன. அந்தப் பெண் கூண்டின் கதவில் கை வைத்தாள். தாள் அங்கே முடிந்திருந்தது.

"அப்புறம்?" என்றார் அப்பா.

"எழுதலப்பா. எப்படி முடிக்கிறதுன்னு தெரியல."

"பரவால்ல. சொல்லு."

அக்கா தாள்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்பாவை நேராகப் பார்த்தாள். நான் நன்றாகக் கேட்பதற்காக இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்து உட்காரப் போனேன். அப்போதுதான் அம்மா என் தோளைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வா, தோசை ஊத்தித் தரேன்."

மாலையில் எங்கள் வீட்டில் தோசை கிடையாது. அது மறுநாள் காலைக்கு அரைத்து வைத்த மாவு. அம்மா கல்லைப் போட்டு ஊற்ற ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது, சொற்கள் புரியவில்லை. நடுநடுவே ஒரு உம். ஒருமுறை அப்பா ஏதோ நீளமாகச் சொன்னார். பாதித் தோசையை வாயில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க எழுந்தேன். அம்மா இன்னொன்றைத் தட்டில் போட்டு என்னை உட்காரவைத்தாள்.

பறவையைக் காப்பாற்றப் போன வீரனுக்கு விருந்து நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவை எமன் வாயிலிருந்து நான் மீட்டு வந்த கதையை அம்மாவிடம் ஆதியிலிருந்து சொன்னேன். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. காது கூடத்துப் பக்கம் இருந்தது. ராட்சசன் கடைசியில் செத்தானா இல்லையா என்று கேட்டேன். சாப்பிடு என்றாள். வயிறு ரம்புத்தான் மூட்டைபோல் ஆகிவிட்டது. இதற்குமேல் ஒரு விள்ளல்கூட இறங்காது என்று தட்டைத் தள்ளினேன். உள்ளே பேச்சு இன்னும் முடியவில்லை. அம்மா பாத்திரத்தை வழித்து, மிஞ்சிய மாவைக் கல்லில் பரப்பிவிட்டு, என்னிடம் கெஞ்சுவதுபோல் கேட்டாள்:

"இன்னும் கொஞ்சம் பசிக்குதுல்லய்யா?"